மூன்று மடிப்பு, ஒரு வெட்டு

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி சுமார் 16 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் மாந்தோப்புகளும் இலவமரங்களும் வருகின்றன. முந்தலில் சாலை பிரிகிறது. ஒரு கிளை 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறி மூணாறு பக்கம் போய்விடும். இன்னொன்று கொட்டகுடி ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மலையின் மடிக்குள் நுழைந்து குரங்கணியில் முடிகிறது. பஸ் அங்கே திரும்பிவிடும். அதற்கு மேல் ஜீப், குதிரை, அல்லது நடை.

மேலே இருக்கும் குடியிருப்பு ஒன்றின் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அதற்கும் மேலே, கேரள எல்லையில், டாப் ஸ்டேஷன். ரயில் கண்ணில் படாத இந்த மலையில் இந்தப் பெயர்களை விட்டுச் சென்றது ஒரு கம்பிவடம். 1902இல் மூணாறு தேயிலைத் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியை ஓடவிட்டார்கள். 1908இல் அது சிறு ரயில்பாதையானது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறின. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மலையேறுகிறவர்களின் வாயில் இன்னும் இருக்கின்றன.

பெட்டிகள் இப்படி இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும், மழலையர் பள்ளி ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்த இளம்பெண்கள் வண்ணக் காகிதத்தை மடித்து, வெட்டி, ஒட்டி, ஆல்பமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம், காற்றாடி, பூச்சக்கரம் என்று பக்கத்துக்குப் பக்கம் விரியும் அந்தப் பழைய தாள்களைத்தான் மதுரையில் மழலையர் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை பல வருடமாகப் படங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடுமுறைக்குக் குரங்கணி வந்தவரின் பையில் மொட்டை நுனிக் கத்தரிக்கோல் ஒன்றும், ஓரம் மடங்கிய ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தன. அந்தப் புத்தகத்துக்குப் பிறகு வருவோம்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தவர், கடைக்கார அம்மாவிடம் கேட்டுத் தினசரி காலண்டரின் பழைய தாள் ஒன்றை வாங்கி, பத்து சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கிக்கொண்டார். மூலையோடு மூலை சேர்த்து முக்கோணமாக ஒரு மடிப்பு. அந்த முக்கோணத்தைப் பாதியாக இன்னொரு மடிப்பு. அதையும் பாதியாக மூன்றாவது மடிப்பு. கையில் இப்போது எட்டு அடுக்கு. நகத்தால் ஓரங்களை அழுத்தி நீவினார். சதுரத்தின் நடுப்புள்ளி ஒரு நுனியில் இருக்கிறது, பழைய நான்கு மூலைகளும் ஒன்றாக மற்றொரு நுனியில் கூடியிருக்கின்றன. மூலைகள் கூடிய நுனியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, வெளி ஓரத்துக்குச் செங்குத்தாக நேராக ஒரே வெட்டு.

பக்கத்தில் நின்ற பையனுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது.

“அக்கா, பட்டமா?”

“பட்டம் இல்ல தம்பி. நீயே பிரிச்சுப் பாரு.”

பிரித்தான். நடுவில் பெரிய கூட்டல் குறி ஒன்று நின்றது. தனியே நான்கு சின்னச் சதுரங்கள் உதிர்ந்தன. அவற்றைப் பொறுக்கிக் கீழே போடப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார். “அதையும் போடக் கூடாது. எதையுமே போடக் கூடாது. அந்த நாலையும் எங்க வச்சா நல்லா இருக்கும்னு நீ சொல்லு.”

இதுதான் பழைய மழலையர் பள்ளியின் காகித வெட்டு விளையாட்டு. விதி ஒன்றே ஒன்று: ஒரு துண்டும் வீணாகக் கூடாது. பையன் சதுரங்களைக் கூட்டல் குறியின் உள்மூலைகளில் அடைத்தான். பழைய முழுச் சதுரம் திரும்பி வந்தது. கைகளின் நுனியில் வைத்தான், குறி நீண்டது. சதுரங்களைச் சாய்த்து, கூர்முனை உள்ளே பார்க்கும்படி வைத்தபோது பூவின் சாயல் வந்தது. நான்கு துண்டும் சேர்ந்தால் காகிதத்தின் கால்பங்கு, நடுவில் நிற்பது முக்கால். எங்கே நகர்த்தினாலும் மொத்தம் மாறுவதில்லை. பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே பின்னத்தை விரலால் தொட்டுவிடுகிற வழி இது.

இதை வகுத்தவர் ஃப்ரீட்ரிக் ஃபுரோபல். 1782இல் ஜெர்மனியின் தூரிங்கியாவில் பிறந்தவர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். அதற்கு முன்னால் பெர்லினில் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸ் என்ற படிகவியல் அறிஞரிடம் கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்தவர் அவர். படிகங்களை எடுத்து, திருப்பி, அடுக்கி வைத்த கண்கள். இது தெரிந்த பிறகு பழைய வெட்டுத் தாள்களைப் பார்த்தால், அவற்றின் எட்டுமுகச் சமச்சீர் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருக்காது. கம்பளிப் பந்து, மரக்கட்டைகள் என்று தொடங்கும் சாமான்களை அவர் ‘கொடைகள்’ என்றார். ஊசியால் குத்துதல், நூல் தையல், காகிதப் பாய் பின்னுதல், மடித்தல், வெட்டுதல், பட்டாணியையும் குச்சியையும் இணைத்தல், களிமண் பிசைதல் ஆகியவை ‘வேலைகள்’. செய்கிற வடிவங்களையும் மூன்றாகப் பார்த்தார்: வீடு, நாற்காலி போன்ற வாழ்க்கை வடிவம், எண்ணையும் அளவையும் காட்டும் அறிவு வடிவம், சமச்சீரான அழகு வடிவம். வெட்டுத் தாள்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை.

பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டனைத் தடை செய்தது. மறு ஆண்டே ஃபுரோபல் இறந்துபோனார். 1860இல் தடை நீங்கியபோது அவர் முறை கடல் கடந்து போயிருந்தது. மில்டன் பிராட்லி என்ற அமெரிக்கர் 1869இல் கையேடு வெளியிட்டு, சாமான்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1876இல் டோக்கியோ பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியோடு ஒரு கிண்டர்கார்டன் சேர்ந்தது. ஜப்பானின் சொந்தக் காகித மடிப்பும் ஃபுரோபலின் மடிப்பும் அங்கே ஒரே மேஜையில் சந்தித்தன. அதே ஆண்டு பிலடெல்பியா கண்காட்சியில் ஒரு தாய் ஃபுரோபல் சாமான்களைப் பார்த்துவிட்டுத் தன் ஒன்பது வயது மகனுக்கு வாங்கித் தந்தார். மகன் பின்னாளில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். ஆல்பங்களைத் தேடிச் சேகரித்த நார்மன் பிராஸ்டர்மன் 1997இல் எழுதிய நூலில், நவீன ஓவியத்துக்கும் கட்டடக் கலைக்கும் இந்த மேஜைகள்தான் முதல் பள்ளி என்று வாதிடுகிறார். வாதம் கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த நூலின் படங்களைப் பார்த்தவர்கள் அதை லேசில் ஒதுக்கிவிட முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று மிஞ்சியிருக்கும் அழகான ஆல்பங்களில் பெரும்பகுதி குழந்தைகள் செய்தவை அல்ல, ஆசிரியைகளாகப் பயின்ற பெண்கள் செய்தவை. பிள்ளைக்குக் கற்றுத்தரும் முன் ஆசிரியை தன் கையால் எல்லா வேலையையும் செய்து முடித்திருக்க வேண்டும் என்பது பயிற்சியின் நிபந்தனை. உலகம் கலைஞர் என்று ஒருபோதும் அழைக்காத பெண்களின் வேலை அது.

இனி, பையிலிருந்த கணக்குப் புத்தகம். அதை எழுதியவர் சென்னை மாகாண வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டராக இருந்த டி. சுந்தர ராவ். ‘ஜியோமெட்ரிக் எக்சர்சைசஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்’ என்ற பெயரில் 1893இல் சென்னை அடிசன் கம்பெனி வெளியிட்டது. இந்த நூலுக்கு யோசனை எங்கிருந்து கிடைத்தது என்பதை அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார்: கிண்டர்கார்டன் சாமான் வரிசையில் எட்டாவது கொடையாக எண்ணப்பட்ட காகித மடிப்பு. இருநூறு வண்ணச் சதுரத் தாள்கள், மடிப்பை அழுத்த ஒரு கருவி, செய்முறைப் படங்கள் ஆகியவை அடங்கிய பெட்டி அது.

மேல்நாட்டில் அந்தப் பெட்டியிலிருந்து பூச்சக்கரம் விரிந்தது. சென்னையில் யூக்ளிட் விரிந்தார். அளவுகோலும் கவராயமும் வேண்டாம், ஒரு பேனாக்கத்தியும் காகிதத் துணுக்குகளும் போதும் என்று சுந்தர ராவ் தொடங்குகிறார். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறி, கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர் வழியாகப் பரவளைவு, நீள்வட்டம் வரை மடிப்பாலேயே போய்விடுகிறார். கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலொன்றில் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த பீமன், ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்களுக்குச் சென்னைப் புத்தகத்தின் மேல் ஆவல் பிறந்தது; தேடிப் பிடித்துப் பதிப்பித்தார்கள். 1901இல் சிகாகோவின் ஓப்பன் கோர்ட் வெளியிட்டது. 1966இல் டோவர் மறுபதிப்புச் செய்தது. உலகம் முழுக்கக் காகித மடிப்புக் கணிதம் பேசுகிறவர்கள் இன்றும் இந்த நூலிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டு வகுப்பறைச் சுவரில் ராமானுஜன் படம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். பக்கத்தில் சுந்தர ராவுக்கும் ஒரு ஆணி அடித்தால் என்ன? நான்கு வயதுப் பிள்ளையின் விளையாட்டுச் சாமானைக் கேவலமாக நினைக்காமல் கையில் எடுத்துப் பார்த்த அதிகாரி அவர்.

சென்னை மாகாணத்தில் இந்த முறை அவர் ஒருவரோடு நின்றுவிடவில்லை. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த இசபெல் பிராண்டர், இந்தியப் பிள்ளைகளுக்கான கிண்டர்கார்டன் பாடங்களை, கதை, பாட்டு, கைவேலை எல்லாம் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நூலாக்கினார். கைவேலைக்கு இங்கே பழக்கமும் குறைவில்லை. கல்யாண வாசலில் தொங்கும் குருத்தோலைத் தோரணமும் மடித்து, கீறி, விரிப்பதுதான். மதுரைப் பக்கம் சப்பரத்துக்கு மைதா பசை காய்ச்சி, ஜிகினாத் தாளைப் பூவாக வெட்டி ஒட்டும் கைகள் இன்னும் இருக்கின்றன. கோலம் போடும் அம்மா புள்ளி வைக்கும்போதே எட்டுத் திசையையும் மனதில் விரித்துவிடுகிறார்.

ஆகவே இன்றைய மழலையர் வகுப்புகள் பலவற்றில் கடையில் வாங்கிய வெட்டு உருவங்கள் சுவரை நிறைப்பதைப் பார்த்தால் வருத்தம்தான் வருகிறது. ஆப்பிள், பனிமனிதன், தொப்பி போட்ட கரடி. வெட்டியது இயந்திரம், ஒட்டியது ஆசிரியை. பிள்ளைக்குக் கைதட்டும் வேலை மட்டும். வெட்டு வேலை என்று கொடுத்தாலும், அச்சிட்ட கோட்டின் மேல் வெட்டிவிட்டு மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள். ஃபுரோபலின் தாளில் அந்த மிச்சத்துக்குத்தான் வேலையே தொடங்குகிறது. மதுரை ஆசிரியை இதைத் தம் பள்ளியில் எடுத்துச் சொன்னபோது, பெற்றோர் விழாவுக்குப் பளிச்சென்று இருக்காது என்ற பதில்தான் வந்ததாம். அவர் தம் வகுப்பில் மட்டும் விடாமல் செய்துவருகிறார்.

மறுநாள் காலையில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஏறினார். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன மலை இது. வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் காட்டுப்பாதையில் கால் வைப்பது கூடாது. பாதையில் காபிச் செடிகள், எலுமிச்சை, நிழல் கூடிய இடங்களில் ஏலம். ஏலச்செடியின் பூவும் காயும் தலைக்கு மேலே தேடினால் கிடைக்காது. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். உதிர்ந்து கிடந்த பச்சைக் காய் ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கினார். உள்ளே மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் பிசுபிசுத்த சவ்வில் விதைகள் நெருக்கியடித்து இருந்தன. காயின் வெளிப்புறமும் மழுங்கிய முக்கோணம்தான்.

பழைய கிண்டர்கார்டன் கையேடுகளில் சதுரத்தை முடித்த பிள்ளை அடுத்துப் போவது மூன்றிலும் ஆறிலும் மடிக்கும் தாளுக்கு. சதுரத்தை எட்டாக மடிப்பது எளிது, பாதிக்குப் பாதி என்று போய்க்கொண்டே இருக்கலாம். மூன்றுக்கு அப்படி வழியில்லை. அங்கே சுந்தர ராவ் கைகொடுக்கிறார். தாளை நெட்டுக்கு நடுவில் மடித்து விரிக்க வேண்டும். கீழ் இடது மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையை அந்த நடுக்கோட்டின் மேல் சரியாக விழும்படி மடித்தால், அது விழுந்த புள்ளிதான் சமபக்க முக்கோணத்தின் உச்சி. பாகைமானி இல்லாமல் 60 பாகை கிடைத்துவிட்டது. காரணமும் கண்ணெதிரே இருக்கிறது: மடித்த ஓரத்தின் நீளம் மாறவில்லை, நடுக்கோடு இரண்டு கீழ்மூலைகளுக்கும் சமதூரம். நறுக்கிய ஏலக்காயைப் பாறைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் தாளை மடித்துப் பார்த்தார். கூட வந்த வழிகாட்டி குனிந்து பார்த்துவிட்டு, “தெனமும் பாக்குற காய்தான் டீச்சர். மூணா இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

இந்தச் சரிவுகளில் முதுவர் குடிகள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் முதுவர், மன்னான், ஊராளி மக்கள் மெல்லிய மூங்கிலை இழையிழையாகச் சீவி முடையும் பாய்க்குக் ‘கண்ணாடிப்பாய்’ என்று பெயர். கண்ணாடிபோல் மினுங்குவதால் வந்த பெயர். அதற்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஃபுரோபலின் காகிதப் பாயை ஒன்று மேலே ஒன்று கீழே என்று எண்ணிப் பின்னும் பிள்ளை, இங்கே பாட்டியின் மடியில் உட்கார்ந்தே அந்த எண்ணிக்கையைப் பார்த்திருக்கும். அங்கன்வாடிப் பாடம் இதை எடுத்துக்கொள்ளத் தனித் திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. பாய் முடையத் தெரிந்த ஒரு பாட்டியை வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும்.

டாப் ஸ்டேஷனுக்கு ஆசிரியை நடந்து ஏறவில்லை. போடிக்கு இறங்கி, போடிமெட்டு வழியாக மூணாறுக்குப் பஸ் பிடித்தார். விடிந்தும் விடியாத வேளையில் அந்தச் சாலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். உள்ளே போடிப் பக்கத்துப் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வருவார்கள். 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 2025 வரை நடைமுறையில் இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். வீட்டிலிருந்து ஜீப்பில் போய்வரும் தாயின் பிள்ளைக்கு ஊர் அங்கன்வாடிதான் கதி. பகல் முழுக்க அந்தப் பிள்ளையின் கைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு ஃபுரோபலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்றால் கீழே குரங்கணிப் பள்ளம். கிழக்கே மலைமுகடுகள் வந்தரவு, பேரிஜம் என்று கொடைக்கானல் வரை தொடர்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜப்பானியர் வந்தால் தப்பித்துப் போக வழி வேண்டும் என்று கொடைக்கானலிலிருந்து இந்த முகடுகளின் மேல் மூணாறுக்குப் பாதையைச் சீர்செய்தார்கள். அதே 1942இல் அந்தப் பாதையின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மான்டிசோரி. 1939இல் பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து அடையாறுக்கு வந்தவர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவராகிவிட்டார். மகன் மரியோவைச் சிறைமுகாமில் வைத்தார்கள். தாயின் 70வது பிறந்தநாளன்று, 1940 ஆகஸ்ட் 31இல், வைஸ்ராய் விடுவித்தார். கொடைக்கானலில் 1944 வரை இருந்து, அங்கே கூடிய பல வயதுப் பிள்ளைகளோடு செடி, பூ, பூச்சி, கல் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் பாடமாக்கினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அந்த வேலையில் அவரோடு இருந்தார்.

மான்டிசோரிக்கு ஃபுரோபலோடு வழக்கு உண்டு. கட்டையைக் காட்டி இது குதிரை, இது தேவாலயம் என்று பெரியவர்கள் கற்பனையை ஊட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைக்குப் பொருள் பொருளாகவே கிடைக்க வேண்டும் என்றார். அவருடைய உலோக வார்ப்புச் சட்டங்களில் சதுரமும் வட்டமும் முக்கோணமும் இருக்கும், பிள்ளை விளிம்பை ஒட்டிப் பென்சில் ஓட்டும். வெட்டுத் தாளின் முன்னால் இந்த வழக்கு பெரிதாக நிற்பதில்லை என்றே தோன்றுகிறது. நான்கு சதுரத் துண்டுகளை வைத்துக்கொண்டு எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைக்கு யாரும் கதை சொல்ல வேண்டியதில்லை.

மூணாறில் ஆசிரியை போன கடைசி இடம் ஸ்ருஷ்டி நலமையம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பள்ளியாகத் தொடங்கி, வளர்ந்தவர்களுக்கு வேலையும் தரும் இடம் அது. தோட்டத் தொழிலாளரில் தமிழ்க் குடும்பங்களே அதிகம். அங்கே ‘ஆரண்யா’ பிரிவில் இலை தழைகளிலிருந்து எடுத்த சாயத்தில் துணி தோய்க்கிறார்கள். ‘அதுல்யா’ பிரிவில் கைக்காகிதம் செய்கிறார்கள். கூழைத் தொட்டியில் கலக்கி, சல்லடைச் சட்டத்தை அதில் அமிழ்த்தித் தூக்கி, தண்ணீர் வடிந்ததும் ஈரத் தாளைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்துகிறார்கள். ஆசிரியை அடுக்கில் இருந்த தாள்களில் மெல்லியதாக எது இருக்கிறது என்று விரலால் தடவித் தடவித் தேடினார். மூன்று மடிப்புக்கும் ஓரம் வெடிக்காத தாள் வேண்டும். விற்பனையில் இருந்த பெண் ஒரு தாளை மூன்று முறை மடித்துக் காட்டி, “இது போதுமா டீச்சர்?” என்றாள். போதும் என்று ஒரு கட்டு வாங்கியவர், வெட்டும்போது விழும் ஓரத் துணுக்குகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் கூழ்த் தொட்டியைக் கைகாட்டினாள்.